பதிலித் திருமணமும் படைவீரரும்
(இடப்பள்ளியில் ஆற்றிய உரையிலிருந்து)

தென்னகக் கடற்படைத் தலைமையகம் அமைந்துள்ள கொச்சியில் இவ்வினா எழுதல் இயல்பே: கடலிலுள்ள வீரர், பதிலி ஒருவரை நிறுத்தி மணம் புரியலாகுமா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் படையினருக்கு இதனை அனுமதிக்கிறது; மணமக்கள் இருவருமே பதிலிகளை அனுப்பலாம். முஸ்லிம் சட்டத்திலும் வக்கீல் வழி நிக்காஹ் செல்லும்.

நமது 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ, திருமண அலுவலர், 3 சாட்சிகள் முன்னிலையில் இருவரும் தாமே இசைவு கூறவேண்டும் என்கிறது. ‘முன்னிலை’ என்பதில் காணொளியும் அடங்கும் என 2021இல் கேரள உயர் நீதிமன்றமும், 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் வழிவிட்டன. மதுரை வழக்கில், அமெரிக்காவிலிருந்த மணமகனுக்காகவும் மணமகளே அதிகார ஆவணத்தின்படி கையொப்பமிடலாம் என்றனர். ஆயினும் கையொப்பம்தான் பதிலி வழி, இசைவு அவருடையதே.

நீர்மூழ்கிக் கப்பலுக்குக் காணொளி ஏது? விடுப்பு வரும்வரை காத்திருப்பதே தக்கது என்பது என் கருத்து. மணம் செல்லாதெனில், பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் கோரி அலைபவர் அவருடைய மனைவியே.