பட்டன் எந்தக் கணக்கைத் திறக்கிறது?



மைசூர் விஜயநகரில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவின் கணக்கு இப்போது நோட்டில் இல்லை. கணினியில், எக்செல் ஃபைலில் இருக்கிறது.

கணக்கு எழுதும் அக்கா அதில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார். அதைத் தட்டினால், கட்டிய தவணை உறுப்பினர் பெயருக்கு நேரே ஏறிவிடும். இந்த வேலையைச் செய்யும் கட்டளைக்கு மேக்ரோ என்று பெயர்.

ஏப்ரல் மாதம் வந்தது. புது வருடக் கணக்கு. பழைய ஃபைலில் இருந்த தாளை மட்டும் நகல் எடுத்துப் புது ஃபைலில் வைத்தார் அக்கா. பட்டனும் கூடவே வந்தது. பார்க்க எல்லாம் சரி.

லட்சுமி 500 ரூபாய் கட்டினார். பட்டனைத் தட்டினார்கள். பணம் ஏறியது. எங்கே? போன வருடக் கணக்கில்! மாதக் கூட்டத்தில் புதுக் கணக்கைப் படித்தார்கள். லட்சுமி பெயரில் பாக்கி இருந்தது.

"நான் கட்டினேனே!" என்றார் லட்சுமி. கட்டியவர் மேலேயே சந்தேகம் வந்தால் குழு நிற்குமா?

பழகிய மாடு பழைய தொழுவத்துக்குத்தான் போகும். பட்டனும் அப்படித்தான். அதற்குள் ஒரு விலாசம் இருக்கிறது. தாளை நகல் எடுத்தாலும் அந்த விலாசம் மாறுவதில்லை. பழைய ஃபைல் கணினியில் இருந்தால், அதைத் திறந்து அங்கே வேலை செய்யும். பழைய ஃபைல் இல்லாவிட்டால், மேக்ரோவை இயக்க முடியவில்லை என்று சொல்லும். அப்படிச் சொன்னால் நல்லதே. தவறு உடனே தெரிந்துவிடும்.

எப்படிச் சரி செய்வது? பட்டன் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்துங்கள். 'அசைன் மேக்ரோ' என்று வரும். அதைத் திறந்தால் மேக்ரோவின் பெயர் தெரியும். பெயருக்கு முன்னால் பழைய ஃபைலின் பெயர் இருக்கிறதா? அதுதான் தவறான விலாசம். கீழே 'திஸ் ஒர்க்புக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதாவது, இந்த ஃபைல். பட்டியலில் மேக்ரோவின் பெயரைத் தொட்டு 'ஓகே' கொடுங்கள்.

பட்டியல் காலியாக இருக்கிறதா? தாள் மட்டும்தான் வந்திருக்கிறது, மேக்ரோ வரவில்லை. அப்போது முழு ஃபைலையும் நகல் எடுத்து, பழைய பதிவுகளை நகலில் அழித்துக்கொள்வது எளிது. சேமிக்கும்போது 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையில் சேமியுங்கள். 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' வகையில் மேக்ரோ தங்காது.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 2003-இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா என்ற மின்சாரக் கம்பெனி, எக்செல் தாளில் வெட்டி ஒட்டிய தவறால் 2.4 கோடி டாலர் இழந்தது.

லட்சுமியின் 500 ரூபாய்? பழைய கணக்கில் அதை நீக்கிவிட்டு, புதுக் கணக்கில் ஏற்ற வேண்டும். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும்.