கணையமும் சர்க்கரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களிடம் நோயைப் பற்றிப் பேசுவது முறையாகுமா என்று தயங்கினேன். ஆயினும், நம் காலனி அம்மையார் ஒருவர் கேட்ட கேள்வி அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது. "என் மகனுக்குக் கணையத்தில் கல். அறுவைச் சிகிச்சை செய்தால் சர்க்கரை நோய் வந்துவிடும் என்கிறார்கள் சிலர். இருக்கிற சர்க்கரையும் போய்விடும் என்கிறார்கள் வேறு சிலர். நான் எதை நம்புவது?" என்றார். இரண்டுமே முழு உண்மையல்ல.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் தலை, உடல், வால் என்னும் பகுதிகளோடு குறுக்கே கிடக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புவது அதன் ஒரு தொழில். இரத்தத்தில் சர்க்கரையை அளவோடு வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவது தொழிலைச் செய்யும் நுண்ணிய திட்டுகளை 1869ஆம் ஆண்டில் ஜெர்மானியரான லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். 1889இல் மேரிங், மிங்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. திட்டுகளில் ஊறும் இன்சுலின் 1921இல் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது.

நாட்பட்ட கணைய அழற்சியில் இவ்வுறுப்பு மெல்ல மெல்ல இறுகித் தழும்பாகிறது; குழாயில் கற்கள் அடைகின்றன. மதுவும் புகையும் பெருங்காரணங்களே. எனினும், மதுவைத் தொட்டறியாத இளைஞரையும் இந்நோய் பற்றுவதுண்டு. கேரளத்தில் அத்தகையோர் பலரை ஆராய்ந்து டாக்டர் கீவர்கீஸ் 1960களில் எழுதியிருக்கிறார். ஆகவே, நோயாளியைக் குடிகாரர் என்று ஏசுதல் தகாது. தழும்பு திட்டுகளையும் அழிக்கும்போது, கத்தி படாமலே சர்க்கரை நோய் வருகிறது.

அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் வலியைத் தீர்க்கவே செய்யப்படுவது. குழாயை நீளவாக்கில் திறந்து, கற்களை எடுத்து, சிறுகுடலை அதனோடு இணைப்பது ஒரு வகை. இதில் திசு அதிகம் வெட்டப்படாமையால், சர்க்கரையின் நிலை உடனே பெரிதும் மாறுவதில்லை. ஆயினும் உள்ளே நோய் முற்றினால் பின்னாளில் மாறலாம். கணையத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது மற்றொரு வகை. வாலில் திட்டுகள் செறிந்திருப்பதால், அதனை இழந்தோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. கணையம் முழுவதையும் அகற்றினால் வாழ்நாளெல்லாம் இன்சுலின் தேவைப்படும். அந்நிலையில், நோயாளியின் திட்டுகளையே பிரித்து அவருடைய ஈரலில் சேர்க்கும் முறையை 1977இல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் தொடங்கினர். அதனால் சிலர் இன்சுலினின்றி வாழ்கின்றனர். வேறு சிலர்க்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது எளிதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சர்க்கரை தாழும்போது அதனை உயர்த்தும் குளுக்ககான் என்னும் பொருளும் அத்திட்டுகளிலேயே ஊறுகிறது. இரண்டையும் இழந்தவர்க்குச் சர்க்கரை உயர்வதும் எளிது, திடீரெனத் தாழ்வதும் எளிது. என்னிடம் வந்த ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டு, விருந்தினரை வரவேற்கச் சென்று உணவை மறந்தார். வியர்த்து, பேச்சுக் குழறிற்று. அவர் மனைவி உடனே சர்க்கரை நீர் கொடுத்தார்; உயிர் பிழைத்தது. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கே விரைய வேண்டும்.

அந்த அம்மையாருக்கு நான் கூறிய மறுமொழி இதுதான்: "சர்க்கரைக்கு அஞ்சி, மகனை ஆண்டுக்கணக்கில் வலியில் வாடவிட வேண்டாம். எப்பகுதியை, எவ்வளவு எடுப்பார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்னும் பின்னும் சர்க்கரையைச் சோதியுங்கள். மருத்துவர் எழுதித் தரும் செரிமான மாத்திரையை உணவோடு தாருங்கள். மதுவும் புகையும் வீட்டு வாயிலை மிதிக்கலாகாது."

ஊர்விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றத்தார். அவர் வீட்டு அலமாரியில் இன்சுலின் இருக்குமானால், நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவும் அவருக்கு மருந்தென அறிந்திருப்போம்.