'உப்பு பழகிடுச்சு': தடிச்சது தோலா, மரத்தது நரம்பா?

(ஒலிப்பதிவிலிருந்து வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நரம்புல கரண்ட் வச்சுப் பார்க்கிற பரிசோதனை பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். டாக்டர் சீட்டுல 'நெர்வ் கண்டக்‌ஷன்'னோ 'என்.சி.எஸ்.'னோ எழுதித் தருவாங்க. சீட்டை வாங்கினதும் பல பேர் கேட்கிற முதல் கேள்வி, "ஷாக் அடிக்குமா?" கொஞ்சம் அடிக்கும். அதை அப்புறம் சொல்றேன். இந்தப் பரிசோதனை எதுக்குன்னு புரிஞ்சுக்க, முதல்ல மரக்காணம் வரைக்கும் போயிட்டு வரலாம்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில சென்னை நோக்கி வந்தா, மரக்காணத்துல வெள்ளை வெளேர்னு உப்பளங்கள். கடலோரமா எக்கியார்குப்பம் மாதிரி மீனவர் ஊர்கள். உப்பளத்துல பாத்திக்குள்ள இறங்கி உப்பு வாருறவங்களோட கால் மணிக்கணக்கா அந்தத் தண்ணியிலதான் நிக்கும். கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பு படிய ஆரம்பிக்கிற பாத்தியில அது ஏழெட்டு மடங்கு. உப்புக் கல்லோட முனை காலைக் கீறும். கீறின இடத்துல அந்தத் தண்ணி பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா பல வருஷம் வேலை பார்த்தவங்க கிட்ட "எரியலையா?"ன்னு கேட்டா, "அதெல்லாம் பழகிடுச்சு"ன்னு சாதாரணமா ஒரு பதில் வரும். இந்தப் 'பழகிடுச்சு'க்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, தோல் காய்ச்சுப்போய்த் தடிச்சிருக்கு. அதுல பெரிய ஆபத்தில்ல. இன்னொண்ணு, சேதி கொண்டுபோற நரம்பே மெல்ல மெல்லச் சாகுது. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.

உப்புத் தண்ணி நரம்பைக் கொல்லுதுன்னு நான் சொல்லல. நரம்பைக் கெடுக்கிறது பெரும்பாலும் சர்க்கரை நோய், குடி, பி12 சத்துக் குறைவு, தொழுநோய் மாதிரியான காரணங்கள். இந்தியாவுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்குன்னு 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. அவங்கள்ல ஒருத்தர் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா, மரத்த கால் ஷூவுக்குள்ள பத்திரமா இருக்கும். உப்பளத்துல நின்னா அதே கால் தினமும் கிழியும், கிழிஞ்சது தெரியாது. புண் ஆழமாகி, சீழ் வச்சு, நாத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அப்போ விரலையோ காலையோ எடுக்கிற பேச்சு வந்துடும்.

சரி, தோலா நரம்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தோல்ல இருக்கிற நுண்ணிய உணர்விகள் தொடுதலையும் சூட்டையும் மின் துடிப்பா மாத்துது. நரம்பு அதைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகுது. மூளை அதைப் புரிஞ்சுக்குது. "தெரியுதா?"ன்னு கேட்கும்போது இந்த மூணையும் சேர்த்துத்தான் சோதிக்கிறோம். கரண்ட் வைக்கிறப்போ தோலோட உணர்விகளைத் தாண்டி நரம்பை நேரா தட்டுறோம். உங்க பதிலுக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. நரம்பே மெஷினுக்குப் பதில் சொல்லும்.

காலுக்கு வழக்கமா பார்க்கிறது 'சூரல்' நரம்பு. பாதத்தோட வெளிப்பக்க உணர்வைக் கொண்டுபோறது இது. வெளிக் கணுக்காலுக்குப் பின்னாடி ஒட்டுற மாதிரி ரெண்டு மின்முனை வைப்பாங்க. அங்கிருந்து 14 சென்டிமீட்டர் மேல, கெண்டைக்கால் பின்பக்கம் தூண்டுவாங்க. உணர்வு கீழேருந்து மேலதானே போகும், இது தலைகீழா இருக்கேன்னு தோணலாம். நரம்பிழையை நடுவுல தூண்டினா துடிப்பு ரெண்டு பக்கமும் ஓடும். கீழ வர்றதை இங்க பிடிக்கிறாங்க. ஒரு தூண்டல் 0.1 மில்லிவிநாடிதான். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டின மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

துடிப்பு வந்து சேர 3.5 மில்லிவிநாடி ஆச்சுன்னு வச்சுக்கோங்க. 14 சென்டிமீட்டரை அதால வகுத்தா விநாடிக்கு 40 மீட்டர். ஆரோக்கியமான காலுக்கு ஏறக்குறைய இந்த வேகம் இருக்கும். திரையில எழும்புற அலையோட உயரம் சில மைக்ரோவோல்ட். வேகம், நரம்போட மேலுறை எப்படி இருக்குன்னு சொல்லும். உயரம், எத்தனை இழை உயிரோட இருக்குன்னு சொல்லும். சர்க்கரையிலயும் குடியிலயும் பெரும்பாலும் முதல்ல குறையுறது உயரம்தான்.

நரம்போட வேகத்தை அளக்கவே முடியாதுன்னு ஒரு காலத்துல நினைச்சாங்க. ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர் அப்படித்தான் கருதினார். அவரோட மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்புல அளந்தே காட்டினார். அப்புறம் மனுஷங்க உடம்புல வெவ்வேறு இடத்துல லேசா கரண்ட் கொடுத்து, உணர்ந்ததும் கையசைக்கச் சொன்னார். எவ்வளவு தூரத்துல தூண்டினா எவ்வளவு தாமதம்னு கணக்குப் போட்டார். ஆனா அதுல நம்ம பதில் வேகமும் கலந்திருந்தது. தோல் மேலிருந்தே நரம்போட குரலைப் பிடிக்க, 1949இல் லண்டன்ல ஜார்ஜ் டாசனும் ஸ்காட்டும் வழி காட்டினாங்க. கடல் இரைச்சல்ல கரையில நின்னு படகுக்குக் குரல் கொடுக்கிற மாதிரிதான் இதுவும். ஒரு தடவை கூப்பிட்டா கேட்காது. திரும்பத் திரும்ப அதே சொல்லைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்தா, இரைச்சல் அடங்கிக் குரல் மேலே வரும். இன்னைக்கும் மெஷின் அதைத்தான் செய்யுது.

இதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட விரல் தானா அழுகி விழறதில்லன்னு எடுத்துக் காட்டினார். வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத்தான் அது தேயுது. பின்னால அவர் வேலை செய்த அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில, 10 கிராம் நைலான் இழையை அழுத்தினா உணர முடியாத பாதத்துக்குத்தான் புண் வர்ற ஆபத்துன்னு 1986இல் எழுதினாங்க. உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளோட பாதத்தை இன்னைக்கு அந்த இழையாலதான் பார்க்கிறாங்க.

இழை இருக்கும்போது கரண்ட் எதுக்கு? உத்தரப் பிரதேசத்துல ரெண்டு மருத்துவமனைகள்ல 303 புதிய தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு இதுக்குப் பதில் சொல்லுது. உணர்வு நரம்போட மின் அலையும், வெதுவெதுப்பை உணர்ற திறனும்தான் அதுல முதல்ல பாதிக்கப்பட்டது. பலருக்கு நைலான் இழையில குறை தெரியறதுக்கு 12 வாரமோ அதுக்கு மேலயோ முன்னாடியே அந்த மாற்றம் வந்திருந்தது. நரம்பைக் காப்பாத்தணும்னா அந்த மூணு மாசம் ரொம்பப் பெரிசு.

இப்போ இந்தப் பரிசோதனைக்கு எது கேட்காதுங்கிறதையும் சொல்லிடறேன். கடற்கரையில கிளிஞ்சல் குத்தினா முதல்ல 'சுருக்'குன்னு இருக்கும். ஒரு நொடி கழிச்சு எரிச்சல் வரும். அந்த ரெண்டாவது சேதியைக் கொண்டுவர்றது ரொம்ப மெல்லிய இழைகள். விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான் ஓடும். வழக்கமான மெஷினுக்குத் தடித்த, வேகமான இழைகளோட குரல் மட்டும்தான் கேட்கும். அதனால ராத்திரி முழுக்கப் பாதம் நெருப்பா எரியுறவங்களுக்குக்கூட ரிப்போர்ட் 'நார்மல்'னு வரலாம். "ஒண்ணுமில்லையாம், சும்மா சொல்றாங்க"ன்னு வீட்டுல யாராவது சொன்னா நம்பாதீங்க. சூடு, குளிர்ச்சி உணர்றதுக்குத் தனிச் சோதனை இருக்கு. கணுக்கால் பக்கம் 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்கவும் முடியும். மறுபடியும் டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க.

எக்கியார்குப்பம்னு சொன்னதும் உங்கள்ல பலருக்கு 2023 மே மாசம் நினைவுக்கு வந்திருக்கும். மெத்தனால் கலந்த சாராயம் அங்கேயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் 20க்கும் மேற்பட்டவங்களைக் கொண்டுபோச்சு. மெத்தனால் உடம்புல ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல தாக்குறது பார்வை நரம்பை. அதைச் சோதிக்கக் கண்ணுல கரண்ட் வைக்கிறதில்ல. திரையில கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாத்தி மாத்திக் காட்டி, பின்தலையில மூளையோட பதிலைப் பிடிப்பாங்க. மெத்தனால் மணிக்கணக்குல செய்யுறதை, தினசரிக் குடி வருஷக்கணக்குல கால் நரம்புக்குச் செய்யும். சாப்பாடும் சரியில்லன்னா இன்னும் சீக்கிரம்.

போறதுக்கு முன்னாடி சில விஷயங்கள். பரிசோதனை அன்னைக்குக் காலுல எண்ணெய், களிம்பு தடவாதீங்க. இதயத்துல பேஸ்மேக்கர் இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. கால் ஜில்லுன்னு இருந்தா வேகம் குறைஞ்சு காட்டும். ஒரு டிகிரிக்கு விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். அதனால ஏ.சி. அறையில உட்கார்ந்திருந்தா, காலைச் சூடாக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, இந்தக் கரண்ட் பார்க்கிறதுக்கு மட்டும்தான், குணமாக்குறதுக்கு இல்ல. "நரம்புக்குக் கரண்ட் வச்சுச் சரி பண்றோம்"னு முகாம் போட்டுப் பணம் கேட்டா, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாறாதீங்க.

மெஷின் எல்லா ஊர்லயும் இருக்காது. ஆனா 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா சர்க்கரை பார்க்க வர்றவங்க உங்க வாசலுக்கே வர்றாங்க. அவங்ககிட்ட இல்லன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல, "என் பாதத்தையும் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க அப்பாவோ அத்தையோ உப்பளத்துலயோ வயல்லயோ வெறுங்காலோட நிக்கிறவங்கன்னா, இன்னைக்கு ராத்திரி அவங்க பாதத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்துல பாருங்க. அவங்களுக்கே தெரியாத ஒரு புண் அங்க இருந்தா, அதைப் 'பழகிடுச்சு'ன்னு விட்டுடாதீங்க.