ஆராய்ச்சி கடைசி வயலை எட்டட்டும்!



"முகாமைத்துவ ஆராய்ச்சியின் எதிர்காலம்" என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இது கம்பனிக்காரருக்கும் பேராசிரியருக்கும் உரிய விஷயமாயிற்றே, ஏர்பிடிப்போருக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்துக்கு நியாயமுண்டு. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிரெட்றிக் ரெயிலர் விஞ்ஞானமுறை முகாமைத்துவம் பற்றித் தமது நூலை வெளியிட்டார். தொழிலாளியைப் பொறிபோல எண்ணியது அவர் ஆராய்ச்சியின் பெருங்குறை. ஆயினும், அது வேலை நடக்கும் இடத்தில் நின்று நடந்த ஆராய்ச்சி. இன்றோ அத்துறையின் பெரும்பகுதி சஞ்சிகைகளுக்குள் ஒடுங்கிவிட்டது. ஆராய்ச்சியாளர் எழுத, ஆராய்ச்சியாளரே வாசிக்கின்றனர். இக்குறையை அத்துறையினரே நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர்.

இதற்கு மாறான ஓர் உதாரணம் நமது கிழக்கு மாகாணத்திலேயே உண்டு. அதுதான் கல்லோயா. குடியேற்றத்தாலும் 1956-ஆம் ஆண்டுப் படுகொலைகளாலும் தமிழர் நெஞ்சில் ஆறாத புண்ணாய் நிற்கும் பெயர் அது என்பதை நான் மறந்தேனல்லன். ஆயினும், பிற்காலத்தில் அங்கு நடந்த ஆராய்ச்சியொன்றை நாம் அறிந்தாக வேண்டும்.

1949-இல் தொடங்கிய அத்திட்டம் 1970-களின் இறுதியிற் சீர்குலைந்து கிடந்தது. இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்தன, துருசுகள் உடைந்தன. தலைப்பிலுள்ளவர் வேண்டியமட்டும் பாய்ச்ச, கடைப்புறத்தவர் வயல்கள் வெடித்தன. அக்கடைப்புறத்தவருள் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர்.

கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981-இல் அங்கே புதியதொரு வழியைக் கையாண்டன. இளம் பட்டதாரிகளை அமைப்பாளராக நியமித்து, கமக்காரரிடையே வாழும்படி அனுப்பின. அவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டு திரும்பிவிடவில்லை. வீடுவீடாகச் சென்று குறை கேட்டனர். சங்கம், தலைவர், யாப்பு என்று தொடங்காது, ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோரை ஒரு வேலைக்காகக் கூட்டினர். முதலில் வேலை, பின்னரே அமைப்பு. வாய்க்கால் துப்புரவாயிற்று, முறைவைத்து நீர் பாய்ச்சப்பட்டது, தலைப்பினர் மிச்சப்படுத்திய நீர் கீழே சென்றது.

விளைவு என்ன? கமக்காரர் பங்குகொள்ளும் நீர்ப்பாசன நிருவாகத்தை 1988-இல் அரசாங்கம் கொள்கையாக ஏற்றது. 1997-ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், குளத்து நீர் போதாது, சிறு பகுதியிலேயே நெல் விதைக்கலாம் என்றனர் அதிகாரிகள். கமக்காரர் அமைப்புகளோ நீரைப் பங்கிட்டு, ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் வழமைக்கு மேலான விளைச்சலைக் கண்டன. சிங்களக் கமக்காரருக்கும் தமிழ்க் கமக்காரருக்குமிடையே கூட அந்நீர் நியாயமாகப் பங்கிடப்பட்டது என்று, இம்முயற்சியில் முன்னின்ற பேராசிரியர் நோர்மன் உப்ஹொவ் முதலானோர் எழுதியுள்ளனர். அது போர் நடந்த காலம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்!

இதன் மறுபக்கத்தை 2021-இற் கண்டோம். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. மாற்று உரம் எவ்வளவு தேவை, அதை யார் ஆக்குவார், எந்த வழியால் எப்போது வயலுக்கு வரும் என்பனவெல்லாம் முகாமைத்துவக் கேள்விகளே. அவற்றுக்கு விடை காணுமுன் கட்டளை பிறந்தது. விளைச்சல் வீழ்ந்தது, நட்டம் கமக்காரர் தலையில் விழுந்தது.

ஆகவே, இவ்வாராய்ச்சி இனிச் செல்லவேண்டிய திசை எது? கேள்வி, துன்பப்படுவோரிடமிருந்து பிறக்க வேண்டும். ஆராய்பவர் ஒரு போகமேனும் அவர்களோடு இருந்து பார்க்க வேண்டும். கண்ட முடிவை அவர்கள் மொழியிலேயே அவர்கள்முன் வைத்து, "இது சரியா?" என்று கேட்க வேண்டும். தவறென்று அவர்கள் காட்டினால், திருத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அங்கே முகாமைத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அறுவடை நாளில் நெல்விலை ஏன் சரிகின்றது? கூட்டுறவுச் சங்கம் ஒன்று தழைக்க, அடுத்த ஊர்ச் சங்கம் ஏன் தளர்கின்றது? மீனவர் பிடித்த மீனின் விலையை யார் தீர்மானிக்கின்றனர்? இவற்றைக் காட்டிலும் பெரிய ஆராய்ச்சிப் பொருளைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கற்ற பெருமக்களே, வரப்பில் இறங்குங்கள்! கமக்காரச் சகோதரர்களே, அவர்கள் வரும்போது வாய்மூடி இராதீர்கள். உங்கள் கேள்வியை அவர்கள் கையிற் கொடுங்கள். நீர் கடைசி வயலை எட்டியதா என்பதே வாய்க்காலுக்குப் பரீட்சை. ஆராய்ச்சிக்கும் அதுவே பரீட்சை.