வலி போகணும், மூச்சு நிக்கக் கூடாது

இன்னைக்கு மார்ஃபின். போதையா இல்ல, வலி மருந்தா. பெரிய ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கும், புற்றுநோய் முற்றினவங்களுக்கும் இதுக்கு ஈடா வேற மருந்து பெருசா கிடையாது. ஆனா அளவு கூடினா மூச்சு மெதுவாகி, நின்னே போயிடும். அமெரிக்காவுல 2021-ல மட்டும் 80,000-க்கும் மேற்பட்டவங்க ஓபியாய்டால இறந்தாங்க. அதுல பெரும்பகுதி கள்ளச்சந்தை ஃபென்டனில்.

மார்ஃபின் போய் ஒட்டுற புரதத்துக்குப் பேர் மியூ ஓபியாய்டு ரிசெப்டார். வலியைக் கடத்துற நரம்புலயும் இருக்கு, மூளைத்தண்டுல மூச்சுக்குத் தாளம் போடுற செல்கள்லயும் அதேதான் இருக்கு. நம்ம பாஷையில, ஒரே ஃபங்ஷனை ரெண்டு மாட்யூல் கால் பண்ணுது. ஒண்ணுக்காகக் கை வச்சா இன்னொண்ணும் ஆடும்.

1999-ல லாரா போன், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் இருந்த குழு ஒரு கதவைத் திறந்தாங்க. இந்த ரிசெப்டார் செல்லுக்குள்ள ரெண்டு வழியா சிக்னல் அனுப்பும்: ஜி புரதம், பீட்டா-அரெஸ்டின். அரெஸ்டின்-2 இல்லாத சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தா, வலி நிவாரணம் அதிக நேரம் நின்னுச்சு. 2005-ல வந்த இன்னொரு பேப்பர், அந்த எலிகளுக்கு மூச்சுப் பிரச்சினையும் குறைவுன்னுச்சு. அப்போ ஜி புரதத்தை மட்டும் தட்டுற மருந்து செஞ்சா போதுமே! எவ்வளவு அழகான ஐடியா பாருங்க. எனக்கே கேட்டதும் புல்லரிச்சுது. 2016-ல 30 லட்சத்துக்கும் மேல மூலக்கூறுகளை கம்ப்யூட்டர்ல பொருத்திப் பார்த்து, பிஇசட்எம்21-னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க.

அப்புறம்தான் சிக்கல். 2018-ல வேற ஒரு குழு சோதிச்சப்போ, பிஇசட்எம்21-ம் எலிகளோட மூச்சைக் குறைச்சுது. 2020-ல ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு மூணு லேப் தனித்தனியா அந்த அரெஸ்டின் சோதனையைத் திரும்பச் செஞ்சாங்க. அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கும் மார்ஃபின் கொடுத்தா மூச்சு குறையத்தான் செஞ்சுது. ஒருத்தர் மெஷின்ல பாஸ் ஆன டெஸ்ட், மத்த மூணு மெஷின்லயும் ஃபெயில்.

அதே வருஷம் இன்னொரு விளக்கம் வந்துச்சு. இந்தப் புது மருந்துகள் பாதுகாப்பா தெரிஞ்சதுக்குக் காரணம் வழி மாறினது இல்ல. ரிசெப்டாரை அரைகுறையாத்தான் இயக்குதுங்க. முழுசா மிதிச்சாலும் 40-ஐத் தாண்டாத வண்டி மாதிரி. எனக்கு இந்த விளக்கம்தான் நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா புப்ரினார்ஃபின்ங்கிற பழைய மருந்துலயே இந்தக் குணம் தெரிஞ்ச விஷயம்.

ஆலிசெரிடின் 2020 ஆகஸ்ட்ல அமெரிக்க அனுமதி வாங்குச்சு. ஆனா ஆஸ்பத்திரியில, நரம்பு ஊசியா மட்டும். மூச்சு பத்தின அந்தப் பெரிய கட்டம் போட்ட எச்சரிக்கை இதுலயும் இருக்கு.

இதுக்கிடையில ரிசெப்டாரையே தொடாம ஒரு மருந்து வந்தாச்சு. 2025 ஜனவரில அனுமதி வாங்கின சுசெட்ரிஜின், வலி நரம்புல இருக்கிற ஒரு சோடியம் சேனலை அடைக்குது. மூளைத்தண்டுப் பக்கமே போகாது. ஆனா ஆபரேஷன் வலிச் சோதனையில, ஹைட்ரோகோடோன் கலந்த பழைய மாத்திரையை ஜெயிக்கல. அனுமதியும் திடீர் வலிக்கு மட்டும்தான். புற்றுநோய் வார்டுல இன்னமும் மார்ஃபின்தான் போட்டுட்டு இருக்காங்க.