பட்டறையில் பிறந்த சொல்



‘கெட்டோ’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு மக்கள் கூட்டத்தைச் சுவருக்குள் அடைத்துவைக்கும் இடத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அது. அது பிறந்தது வெனிஸ் நகரில், செம்பை உருக்கிப் பீரங்கி வார்த்த ஒரு பட்டறையில் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. உலோகம் வார்ப்பதை அவ்வூரார் ‘ஜெத்தோ’ என்றார்கள். பட்டறை போய்விட்டது, பெயர் மட்டும் அந்த இடத்தில் தங்கிவிட்டது. அங்கே குடியேறிய ஜெர்மன் யூதர்களின் நாவில் ‘ஜெ’ ‘கெ’ ஆயிற்று என்கிறார்கள்.

1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட் ஆணையிட்டது: நகரத்து யூதர்கள் எல்லாரும் அந்தத் தீவுத் திடலுக்குக் குடிபோக வேண்டும். சுற்றிலும் கால்வாய், பாலத்தடியில் கதவு. காலையில் சான் மார்க்கோ மணி அடித்தால் திறப்பார்கள், இரவில் பூட்டுவார்கள். காவலுக்குக் கிறித்தவ ஆட்கள், கால்வாயில் ரோந்துப் படகுகள். இவர்களுக்குக் கூலி கொடுத்தது யார் தெரியுமா? உள்ளே அடைபட்ட யூதர்களே! பூட்டியது ஒரு கொடுமை. பூட்டுகிறவனுக்குச் சம்பளமும் நீயே கொடு என்றார்களே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஆள் பெருகியது, இடம் பெருகவில்லை. மாடிக்கு மேல் மாடி கட்டினார்கள், ஏழு எட்டு மாடி வரை. தளங்கள் தாழ்வானவை, நிமிர்ந்து நின்றால் தலை தட்டும். அந்த வீடுகளை இன்றும் வெனிஸில் பார்க்கலாம். 1555இல் போப் நான்காம் பால் ரோமிலும் அப்படியே அடைத்தார். வெனிஸின் கதவுகளை 1797இல் நெப்போலியனின் ஆட்சிதான் பெயர்த்தெறிந்தது.

ஆனால் 1940 நவம்பரில் நாஜிகள் வார்சாவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கெட்டோவுக்குள் வைத்து அடைத்தார்கள். சுவர் மூன்று மீட்டர் உயரம். அதைக் கட்டிய செலவும் யூதர்கள் தலையில்தான்! வெனிஸில் காலையில் கதவு திறந்தது. இங்கே 1942 ஜூலையில் தொடங்கி, இரண்டரை லட்சம் பேரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள்.

அந்த வார்சா கெட்டோவுக்குள் இமானுவேல் ரிங்கெல்ப்ளம் என்ற வரலாற்றாசிரியரும் தோழர்களும் ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம்கூட விடாமல் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்தார்கள். 1946இல் ஒரு பகுதியும் 1950இல் ஒரு பகுதியும் தோண்டியெடுக்கப்பட்டன. அடைத்தவன் எழுதியதை மட்டும் நம்பியிராமல், அடைபட்டவர்கள் கைப்பட எழுதியதையே இன்று நாம் படிக்க முடிவது அவர்களால்தான்.