பெருங்குடற் புண்ணும் சத்திரசிகிச்சையும்



மலத்தைப் பற்றிச் சபையிலே பேசுவது அழகன்று எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம், பொறுத்தருள்க. இவ்வெட்கத்தினாலேயே நம் நண்பரொருவர் இரத்தமாய்ப் போவதை ஈராண்டு மறைத்து வைத்திருந்தார். இன்று வைத்தியர் அவர்முன் இரு வழிகளை வைத்திருக்கிறார். எது நல்லதென்று எம்மைக் கேட்டார். நாம் வைத்தியரல்லோம், படித்தறிந்ததை அவர் சம்மதத்துடனே சொல்கிறோம்.

பெருங்குடலின் உட்சவ்வு அழன்று புண்ணாவதே இந்நோய். மருந்தினால் அடங்குவோரே பெரும்பாலோர். அடங்காதபோதும், குடல் வீங்கி வெடிக்கும் நிலை வரும்போதும், புற்றுநோயின் குறி தென்படும்போதும் கத்தியெடுக்க நேர்கிறது. நோய் பெருங்குடலுக்கும் நேர்குடலுக்குமே உரியதாதலால் அவற்றை அகற்றினால் குடல்நோய் வேரோடு போகும். பின்னர் மலம் எவ்வழி செல்வது? அதுவே கேள்வி.

முதல் வழி, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்புறத்தே வெளிக்கொணர்ந்து பை பொருத்துவது. பழைய நாளிலே வெளிவரும் நீர் தோலையும் குடல் நுனியையும் புண்ணாக்கியது. 1952 இல் பேமிங்காமின் பிறையன் புறூக் என்பவர் அந்நுனியைச் சட்டைக்கை மடிப்பது போல வெளிப்புறம் மடித்துத் தைத்தார். எவ்வளவு சிறிய காரியம்! அம்மடிப்பே இன்றும் நிற்கிறது.

1969 இல் சுவீடனின் நில்ஸ் கொக், குழாய்விட்டு வெறுமையாக்கும் உட்பையொன்றை அமைத்தார். அதன் அடைப்பு நழுவும் தொல்லையால் அது இன்று அருகிவிட்டது.

மற்றைய வழி 1978 இல் வந்தது. இலண்டன் சென் மாக்ஸ் வைத்தியசாலையின் சேர் அலன் பாக்ஸ், ஜோன் நிக்கொல்ஸ் இருவரும் சிறுகுடலையே மடித்துத் தைத்துப் பையாக்கி, குதவாயிலோடு இணைத்தனர். வெளியே பையில்லை. இதுவே மேலென்று நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று சத்திரசிகிச்சைகள் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு முறை போகவேண்டும். உட்பை அழலுவது பலருக்கு உண்டு. பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறையலாம். சிலருக்கு உட்பை பழுதாகி, ஈற்றில் வெளிப்பையே கதியாகிறது.

எம் எண்ணத்தை மறைப்பானேன்? உத்தியோகத்துக்கு ஒன்றரை மணிநேரம் பஸ்ஸிலே போகின்ற அவருக்கு வெளிப்பையே இசையும் என நினைக்கிறோம். அவரோ இன்னும் தீர்மானிக்கவில்லை. அவரைத் தடுப்பது கத்தியுமன்று, நோவுமன்று. “பையோடு கோயிலுக்குள் வரலாமோ?” என்றே அவர் கேட்டார். இதற்கு விடை வைத்திய நூல்களில் இல்லை. எல்லார் வயிற்றிலும் உள்ளதுதானே அவர் பையிலும் இருக்கப்போகிறது! முன்வரிசையிலிருக்கும் பெரியோர்களே, அவருக்கு நீங்கள் வாய்திறந்து பதில் சொல்லவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வைத்தியரைக் காணப் போகிறார்.